பைத்தானில் 2.5-ஐ முழு எண்ணாக்கினால் 3 வராதா? கையேட்டின் ஒரு வரி ஏன் முக்கியம்?

டெல்லியைத் தலைமையகமாகக் கொண்ட சிபிஎஸ்இ-யின் பிளஸ் டூ கணினி அறிவியலில் இப்போது பைத்தான்தான் பாடம். உங்க வீட்டிலும் ஒருவர் அதைப் படிக்கலாம். அவரிடம் கேட்டுப் பாருங்க: ரவுண்ட்(2.5) என்ன விடை தரும்?

பள்ளிக் கணக்குப்படி 3. பைத்தான் தருவது 2. இது பிழையா? இல்லை. எண் சரிபாதியில் நின்றால், பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. அதனால்தான் 3.5 கொடுத்தால் 4 வருகிறது. பைத்தானின் அதிகாரப்பூர்வ கையேட்டில் இது இருக்கிறது. படிக்காதவருக்கு மதிப்பெண் போச்சு!

நல்ல கையேடு எது?

என்ன கொடுக்கணும், என்ன கிடைக்கும், எங்கே தடுக்கும் என மூன்றையும் அது சொல்ல வேண்டும். உதாரணமாக, ரேண்ட்இன்ட்(1, 6) 6-ஐயும் சேர்த்துக்கொள்ளும். ரேண்ட்ரேஞ்ச்(1, 6) 5-உடன் நின்றுவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் பகடை விளையாட்டுக்கு நிரல் எழுதினால், ஆறு விழவே விழாது.

யார் திருத்துவது?

நீங்களும்தான். கையேட்டின் மூலக் கோப்புகள் கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. எந்த வரி குழப்பியது, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதி, சின்ன உதாரணத்தோடு திருத்தம் அனுப்பலாம். பைத்தானைப் பராமரிப்பவர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள். பிற மொழிகளில் மொழிபெயர்ப்பதற்கான நடைமுறையை 2017-ல் எழுதப்பட்ட 'பெப் 545' விளக்குகிறது.

இதற்குப் பெரிய அனுபவம் வேண்டியதில்லை. எந்த வரி புரியவில்லை என்பது நிபுணரைவிடப் புதிதாகப் படிப்பவருக்குத்தான் சட்டென்று தெரியும்.