உங்களுக்குத் தெரியுமா? வேர் குடிக்கும் தண்ணீர்

கோதுமைக்கு உறவான ரை செடி ஒன்றை, இரண்டு கன அடிகூட மண் கொள்ளாத பெட்டியில் நான்கு மாதம் வளர்த்தார் அமெரிக்கத் தாவரவியலாளர் டிட்மர். பிறகு மண்ணை அலசிவிட்டு வேரை அளந்தார். 1937இல் வெளியான அந்தக் கணக்குப்படி, வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கும் மேல்; ஏறக்குறைய சென்னையிலிருந்து திருநெல்வேலி! வேர்த்தூவிகளோ சுமார் 1,400 கோடி.

நாற்றைப் பிடுங்கும்போது அறுபடுவது நீரை உறிஞ்சும் இந்தத் தூவிகள்தான். நட்ட கத்தரி ஈரத்தில் நின்றும் தலை சாய்வது அதனால்தான். புதுத் தூவி விட்டதும் நிமிர்ந்துகொள்ளும்.

யூரியாவைத் தண்டோரம் குவித்தால் ஈர மண்ணிலும் செடி கருகும். மண்ணில் உப்பு கூடிவிட்டால் வேருக்குள் நீர் போகாது. உள்ளே இருப்பதும் வெளியே வந்துவிடும்.

விடியற்காலையில் சேம்பிலை நுனியில் தொங்கும் சொட்டு பெரும்பாலும் பனி அல்ல. இரவெல்லாம் வேர் கொடுத்த அழுத்தத்தில் இலையின் நுண்துளை வழியே கசிந்த நீர். பனி என்றால் இலை முழுக்க அல்லவா நனைந்திருக்கும்?

ஆனால் உயர்ந்த மரத்தின் உச்சிக்கு நீரேற்ற இந்த அழுத்தம் போதாது. பின்னே யார் ஏற்றுகிறார்கள்? 1890களில் ஜெர்மானியர் ஸ்ட்ராஸ்பர்கர் ஓக் மரத்தை அடியோடு அறுத்து, பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். போகும் வழியில் இருந்த உயிர்ச்செல்களைக் கொன்றபடி திரவம் ஏறிக்கொண்டே இருந்தது; அப்படியானால் ஏற்றுவது அந்தச் செல்கள் அல்ல. அப்படியும் நம் ஜகதீஷ் சந்திர போஸ், செல்களே துடித்து நீரைத் தள்ளுகின்றன என்று 1923இல் ஒரு நூலே எழுதினார். அழகான கருத்துதான், அறிவியல் ஏற்கவில்லை. நிலைத்தது டப்ளினில் டிக்ஸனும் ஜாலியும் 1894இல் சொன்ன விளக்கம்: இலையில் நீர் ஆவியாக ஆவியாக, ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் வேரிலிருந்தே இழுபட்டு மேலேறுகின்றன. தள்ளுவது அல்ல, இழுப்பது.

மண் காய்ந்தால், கம்பிபோல் இழுபடும் இந்த நீர்த்தொடர் அறும். அதற்குச் சத்தமும் உண்டு! ஆமணக்கு இலைக்காம்பில் உணர்கருவியைப் பொருத்தி, வாட வாட எழும் ‘டிக் டிக்’ ஒலியை மில்பர்ன், ஜான்சன் இருவரும் 1966இல் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு ‘டிக்’கும் நீர் ஏறும் ஒரு குழாயில் குமிழி புகுந்து அடைத்ததற்கு அடையாளம். பூச்சாடியில் வைக்கும் ரோஜாத் தண்டைத் தண்ணீருக்குள் பிடித்தே வெட்டச் சொல்வதும், உள்ளே காற்று புகுந்துவிடக் கூடாது என்றுதான்.