ஸ்டியரிங்கையும் கொஞ்சம் கவனியுங்கள்!

ஊருக்குக் கிளம்பும்போது முறுக்கு, தண்ணீர், குழந்தைக்கு மருந்து எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிற நாம், காரின் ஸ்டியரிங்கைப் பார்ப்பதில்லை. "அதெல்லாம் மெக்கானிக் பாத்துப்பார், உனக்கெதுக்கு?" என்பார் என் வீட்டுக்காரர். நான் விடுவதில்லை.

சமதரையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இலேசாக இடமும் வலமும் அசையுங்கள். முன் சக்கரம் அசையுமுன் ஸ்டியரிங் விளிம்பு ஓர் அங்குலத்துக்கு மேல் சும்மா ஆடினால், எங்கோ தேய்மானம் என்று சந்தேகப்படலாம். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது, நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கமே இழுப்பது, திருப்பும்போது 'கடக்'கென்ற சத்தம் - இவையும் அறிகுறிகளே.

ஒர்க்ஷாப்பில் டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் இவற்றின் ரப்பர் உறைகளைக் காட்டச் சொல்லுங்கள். உறை கிழிந்தால் கிரீஸ் வழிந்து, மண்ணும் தண்ணீரும் புகுந்து இணைப்பு சீக்கிரம் தேயும். முற்றினால் கழன்றே போகும். பிறகு சக்கரம் நம் பேச்சைக் கேட்காது! டை ராடு எண்டை மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும். நாமாக ஜாக்கி போட்டு அடியில் புக மட்டும் வேண்டாம்.

ஆட்டிப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலைதான். பின் சீட்டில் உட்காருவது நம் பிள்ளைகள் அல்லவா?