வீட்டு வண்டியும் குளிர்ப்பொறியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி முதலிய யாவும் அமைந்த வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு நாடு சுற்றுவோர் பலர். அவ்வண்டிகளை ஆங்கே ‘ஆர். வி.’ என வழங்குவர். நடுப்பகல் வெயிலில் நிற்கும் மூடிய வண்டி எவ்வளவு காயும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆதலின் அதன் கூரைமேல் குளிர்ப்பொறி ஒன்று வைத்திருப்பர். மின்சார வசதியுள்ள தங்குமிடங்களில் தொல்லையில்லை. அஃதில்லாத வனாந்தரத்திலோ, கையால் தூக்கிச் செல்லத்தக்க சிறு ஜெனரேட்டரைக் கொண்டே அதனை ஓட்டல் வேண்டும். இவ்விடத்தேதான் பலரும் ஏமாறுகின்றனர்.

இக்குளிர்ப்பொறிகளுள் பெருவழக்காயுள்ளது, மணிக்கு 13,500 பி.டி.யூ. வெப்பத்தை வெளியேற்றும் வகை. ஓடுங்கால் அதற்கு ஏறக்குறைய 1,300 முதல் 1,600 வாட் வேண்டும். வெளி வெப்பம் ஏற ஏற இத்தேவையும் ஏறும். பெட்டியின்மேல் 2,200 வாட் என்று அச்சிட்டிருக்கக் கண்டு ஜெனரேட்டரை வாங்குவோன், மிச்சமும் உளதென மகிழ்வான். அவ்வெண் சிறிது நேரத்திற்கே உரியது. இடையறாது தரத்தக்கது 1,800 வாட் அளவே என்பது சிற்றெழுத்தில் இருக்கும்!

ஆயினும் இடையூறு ஓட்டத்தில் இல்லை, தொடக்கத்தில் உளது. பார வண்டியை நிலையினின்றும் பெயர்ப்பதற்கு மாடுகள் எத்துணை முக்கி இழுக்கின்றன! உருளத் தொடங்கியபின் அவ்வளவு வேண்டுவதில்லை. நின்றிருக்கும் மோட்டாரின் செய்கையும் அத்தகையதே. சுழற்சி ஏற்படும்வரை மின்னோட்டத்தைத் தடுப்பது சிறிதாகையால், கம்ப்ரெஸர் அந்த ஒரு கணத்தில் பல பொறிகளில் 50 ஆம்பியருக்கும் மேல் இழுத்துவிடும். 120 வோல்ட்டில் அது 6,000 வோல்ட்-ஆம்பியர் ஆகிறது. சிறு ஜெனரேட்டர் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மின்சாரத்தை உடனே நிறுத்திவிடும்.

இதற்கு இக்காலத்தார் கண்ட உபாயம் ‘ஸாஃப்ட் ஸ்டார்ட்டர்’ என்னும் சிறு கருவி. அது மோட்டாருக்கு முழு வோல்ட்டையும் ஒருங்கே அளியாமல் படிப்படியாக ஏற்றித் தொடக்க இழுப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கின்றது. அக்கருவி மின்சாரத்தை உண்டாக்குவதன்று. ஓட்டத்திற்கு வேண்டிய வாட்டில் ஒன்றையும் குறைப்பதுமன்று. இதனை மறந்து பணத்தை வீணாக்கினோர் உளர். அதனுடன், பேட்டரி ஏற்றும் கருவியையும் நீர் காய்ச்சும் மின்கருவியையும் அணைத்துவிடல் வேண்டும். குளிர்பெட்டியில் வசதியிருப்பின் அதனை எரிவாயுவுக்கு மாற்றுக. எஞ்சினை மெதுவாக ஓட்டும் சிக்கன விசையைத் தொடக்கத்தின்போது நீக்கி வைத்தல் நலம். நின்ற கம்ப்ரெஸரை மூன்று நிமிஷம் கழியுமுன் மறுபடி தொடங்கலாகாது. உள்ளே அழுத்தம் சமப்படாதிருக்கும்.

மலைநாடு செல்வோர்க்கு இன்னுமொரு கணக்குண்டு. ஆயிரம் அடி உயர்ந்தால் எஞ்சினின் வலிமை நூற்றுக்கு மூன்றரை வீதம் குன்றும். 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரில், 1,800 வாட் ஜெனரேட்டர் 1,470 வாட் அளவே ஈயும். கடற்கரையில் செவ்வனே ஓடிய குளிர்ப்பொறி ஆங்கே நின்றுபோவது இதனாலேயாம். அத்தகையோர் ஒரேவகை ஜெனரேட்டர் இரண்டை, அதற்குரிய கம்பியால் இணைத்து ஓட்டுவர்.

இவையெல்லாம் வசதி பற்றியன. உயிர் பற்றியது வேறு. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும். இரவில் மழை தூறுகிறதென்று ஜெனரேட்டரை வண்டிக்கடியிலோ பந்தலின்கீழோ ஒருநாளும் வைத்தலாகாது. இருபது அடிக்குக் குறையாமல் விலக்கி, புகைக்குழாய் வண்டிக்குப் புறங்காட்டி நிற்க வைத்து, அப்பக்கத்துச் சாளரங்களையும் அடைத்தல் வேண்டும். வண்டியினுள் அவ்வாயுவை அறிவிக்கும் மணிக்கருவியும் பழுதின்றி இருத்தல் அவசியம். இவ்வாறு விலக்கி வைக்குங்கால் கம்பி நீளும்; நீண்ட மெல்லிய கம்பியில் வோல்ட் குறைந்து மோட்டார் சூடேறும். ஆகவே கம்பியைத் தடித்ததாக வாங்குக. கம்பியின் விலைக்கு அஞ்சி ஜெனரேட்டரை அருகே இழுத்து வைக்கற்க.