மென்பொருள் எச்சக் கோப்புகள்

மென்பொருள் எச்சக் கோப்புகள் என்பன, கணினியில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருள் நீக்கப்பட்ட பின்னரும் வன்தட்டில் எஞ்சியிருக்கும் கோப்புகள், கோப்புறைகள், அமைப்புப் பதிவுகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுட் சில, பயனர் அழிக்க முற்படும்போது "கோப்பு பயன்பாட்டில் உள்ளது" அல்லது "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற பொருளில் பிழைச்செய்தி காட்டி அழிய மறுக்கும். பெரும்பாலான எச்சங்கள் இடத்தை அடைப்பதன்றி வேறு தீங்கு செய்வதில்லை. சில எச்சங்கள் புதிய மென்பொருளின் இயக்கத்தைத் தடுக்கின்றன. வேறு சில, எச்சம் போலத் தோன்றினாலும் பயனரின் ஆவணங்களோடு தொடர்புடையவை. ஆகவே எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்று பிரித்தறிவதே இத்துறையில் முதன்மையானது.

எச்சம் உண்டாகும் முறை

ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது, எந்தக் கோப்பு எங்கே இடப்பட்டது என்ற பட்டியலை நிறுவி பதிந்து வைக்கிறது. நீக்கி அப்பட்டியலைப் பின்பற்றியே கோப்புகளை அழிக்கிறது. நிறுவிய பின்னர் மென்பொருள் தானே உருவாக்கிக்கொண்ட அமைப்புக் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள், குறிப்பேடுகள் போன்றவை இப்பட்டியலில் இடம்பெறாமையால் எஞ்சுகின்றன. பயனர் உருவாக்கிய ஆவணங்களும் அமைப்புகளும் வேண்டுமென்றே விட்டுவைக்கப்படுவது உண்டு. மீண்டும் அதே மென்பொருளை நிறுவினால் பழைய நிலை கிடைக்கும் என்பது இதன் நோக்கமாகும்.

பல மென்பொருட்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரலகக் கோப்புகளை (டி.எல்.எல்.) விண்டோஸ் எண்ணிக்கை வைத்துக் கண்காணிக்கிறது. எண்ணிக்கை சுழியத்தை அடைந்தாலன்றி அவை அழிக்கப்படுவதில்லை. மென்பொருளின் கோப்புறையைப் பயனர் நேரடியாக அழித்துவிட்டால் நீக்கியும் சேர்ந்தே அழிந்துவிடும். பதிவுகள் மட்டும் அநாதையாக நிற்கும்.

எஞ்சும் இடங்கள்

விண்டோஸ் இயக்குதளத்தில் எச்சங்கள் பொதுவாகப் பின்வரும் இடங்களில் காணப்படும்:

* புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம் டேட்டா ஆகிய கோப்புறைகள்
* ஒவ்வொரு பயனருக்கும் உரிய, மறைந்திருக்கும் ஆப் டேட்டா கோப்புறை
* பதிவகம் (ரிஜிஸ்ட்ரி)
* சேவைகள், சாதன இயக்கிகள், காலமிட்ட பணிகள், தொடக்கப் பட்டியல்
* எழுத்துருக் கோப்புறை

அழிய மறுப்பதற்கான காரணங்கள்

விண்டோஸ் இயக்குதளத்தில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை வேறொரு நிரல் அழிப்பது பொதுவாக இயலாது. நீக்கப்பட்ட மென்பொருளின் ஒரு பகுதி பின்னணியில் சேவையாக இயங்கிக்கொண்டிருந்தால் அதன் கோப்புகள் பூட்டப்பட்டே இருக்கும். உரிமை மற்றொரு காரணமாகும். கோப்பின் உரிமையாளர் வேறொரு கணக்காக இருப்பின் நிர்வாகிக்கும் அனுமதி மறுக்கப்படலாம். பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தாண்டிய கோப்புகளும், பெயரின் இறுதியில் புள்ளியோ இடைவெளியோ கொண்ட கோப்புகளும் வழமையான முறையில் அழிவதில்லை.

நச்சுநிரல் தடுப்பிகள் இயக்குதளத்தின் அடித்தளத்தில் இயக்கிகளை நிறுவித் தம்மைத் தாமே பாதுகாத்துக் கொள்கின்றன. இவற்றின் எச்சம், பின்னர் நிறுவப்படும் வேறொரு தடுப்பியோடு முரண்படக்கூடும். இதனாலேயே தடுப்பி நிறுவனங்கள் பலவும் தத்தம் மென்பொருளுக்கெனத் தனி நீக்கற் கருவிகளை வெளியிடுகின்றன.

நீக்கும் முறைகள்

எளியதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்வதே பாதுகாப்பான ஒழுங்காகும்.

1. முக்கிய ஆவணங்களைப் படியெடுத்து, மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்குதல்.
2. மென்பொருளின் சொந்த நீக்கியை இயக்கிப் பின் கணினியை மறுதொடக்கம் செய்தல். பல பூட்டுகள் இதனாலேயே விடுபடும்.
3. நீக்கி பழுதடைந்திருப்பின், அதே பதிப்பை மீள நிறுவி, மீண்டும் நீக்குதல்.
4. பணி மேலாளரில் தொடர்புடைய செயலை நிறுத்துதல். எந்தச் செயல் கோப்பைப் பிடித்திருக்கிறது என்பதை புராசஸ் எக்ஸ்புளோரர் போன்ற கருவிகள் காட்டும். 2022 ஆம் ஆண்டு முதல் மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பிலும் இத்தகைய கருவி உள்ளது.
5. பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடக்கி அழித்தல். இந்நிலையில் இன்றியமையாத இயக்கிகளும் சேவைகளும் மட்டுமே ஏற்றப்படும்.
6. அடுத்த தொடக்கத்தின்போது அழிக்குமாறு குறித்து வைத்தல். இக்குறிப்பைப் பதிவகத்திலிருந்து படிக்கும் விண்டோஸ், பிற நிரல்கள் எழுவதற்கு முன்னரே கோப்பை அழித்துவிடும்.
7. கோப்பின் உரிமையை நிர்வாகி கணக்கிற்கு மாற்றி அழித்தல்.

விண்டோஸ் கோப்புறையினுள் உள்ள இன்ஸ்டாலர், வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் உட்கோப்புறைகள் அளவிற் பெரியவையாக இருப்பதால் எச்சம் என்று பலரும் தவறாகக் கருதுவதுண்டு. இவற்றைக் கைமுறையாக அழித்தால், நிறுவப்பட்டுள்ள மென்பொருட்களைப் புதுப்பிக்கவோ நீக்கவோ இயலாமற் போகக்கூடும்.

நீக்கற் கருவிகளால் நேர்ந்த சிக்கல்கள்

எச்சத்தை விட, அதை நீக்கும் கருவி கூடுதல் தீங்கு விளைவித்த நிகழ்வுகளும் உண்டு. 2005 ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைக் குறுந்தட்டுகள், படியெடுத்தலைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினிகளில் மறைவாக நிறுவியமையை மார்க் ரசினோவிச் வெளிப்படுத்தினார். அதன் கோப்புகளை நேரடியாக அழித்தால் குறுந்தட்டு இயக்ககமே செயலிழக்கும் நிலை இருந்தது. பின்னர் அந்நிறுவனம் இணையவழி வழங்கிய நீக்கி, புதிய பாதுகாப்புத் துளை ஒன்றை உண்டாக்கியது.

மைக்ரோசாப்ட் வழங்கி வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் துப்புரவுக் கருவி, கணினியிலுள்ள பிற மென்பொருட்களின் உறுப்புகளையும் பாதித்தமையால் 2010 ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. பதிவகத் துப்புரவிகள் கணினியை விரைவாக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், சில நூறு பழைய பதிவுகளை நீக்குவதால் உணரத்தக்க வேகம் கிட்டுவதில்லை. தவறான ஒரு பதிவு நீங்கினால் இயக்குதளமே தொடங்காமற் போகலாம்.

பிற இயக்குதளங்கள்

லினக்சில் ஒரு கோப்பு திறந்திருக்கும்போதும் அதன் பெயரை நீக்க முடியும். கடைசிச் செயல் அதனை மூடியதும் வட்டிடம் விடுபடும். டெபியன் வழிவந்த இயக்குதளங்களில், 'ரிமூவ்' கட்டளை நிரலை மட்டும் நீக்கும். 'பர்ஜ்' கட்டளை அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும். எனினும் பயனரின் இல்லக் கோப்புறையில் உள்ளவை எஞ்சும். மாக் இயக்குதளத்தில் செயலியைக் குப்பைத் தொட்டியில் இட்டாலும், பயனரின் லைப்ரரி கோப்புறையில் அமைப்புகளும் இடைமாற்றுக் கோப்புகளும் தங்கிவிடும்.

தமிழ் மென்பொருட்கள்

தமிழ் விசைப்பலகை மென்பொருட்கள் பல, விசை அழுத்தங்களைப் பெறுவதற்காகத் தம் நிரலகக் கோப்பை இயங்கும் ஒவ்வொரு நிரலினுள்ளும் ஏற்றுகின்றன. ஆகவே முதன்மை நிரலை மூடினாலும், எல்லா நிரல்களும் மூடப்படும் வரை அக்கோப்பு பூட்டப்பட்டிருக்கும். மறுதொடக்கமே இதற்குத் தீர்வாகும்.

எழுத்துருக்களைப் பொறுத்தவரை சிக்கல் வேறுவகைப்பட்டது. தமிழ்நாடு அரசு 1999 இல் டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்னரும் வானவில், பாமினி, தகுதரம் முதலிய வெவ்வேறு குறியேற்றங்களில் எண்ணற்ற ஆவணங்கள் தட்டச்சிடப்பட்டன. பழைய எழுத்துரு நீக்கப்பட்டால் இவ்வாவணங்கள் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் தோன்றும். உள்ளடக்கம் அழிவதில்லையாயினும், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பது தெரியாவிடின் அதனை ஒருங்குறிக்கு மாற்றுவது கடினம். எனவே எழுத்துருவை நீக்கு முன் அதன் கோப்பைப் படியெடுத்து வைத்தலும், ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றி ஒப்புநோக்குதலும் வேண்டும். இவ்வகையில், எச்சமெனக் கருதப்படும் ஓர் எழுத்துருக் கோப்பு, ஓர் அச்சகத்தின் அல்லது அலுவலகத்தின் பல்லாண்டு ஆவணங்களுக்குத் திறவுகோலாக இருக்கக்கூடும்.

இரட்டை இயக்குதளக் கணினிகள்

தமிழ்நாடு அரசு 2011 ஆம் ஆண்டு முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. சென்னை போன்ற நகரங்கள் முதல் செஞ்சி போன்ற வட்டத் தலைநகர்கள் வரை பல குடும்பங்களுக்கு இதுவே முதற் கணினியாக அமைந்தது. இத்திட்டக் கணினிகளில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இவ்வாறு இரண்டு இயக்குதளங்கள் உள்ள கணினியில், விண்டோசில் அழிய மறுக்கும் கோப்பை லினக்சில் நுழைந்து அழிக்கலாம். அப்போது விண்டோஸ் இயங்காமையால் அதன் பூட்டுகளும் அனுமதித் தடைகளும் செயற்படா. இதற்கு விண்டோஸ் முழுமையாக நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும். உறக்க நிலையிலோ விரைவுத் தொடக்க நிலையிலோ விடப்பட்டிருந்தால், அப்பகிர்வில் எழுதுவது தரவுகளைப் பழுதாக்கக்கூடும். தடை ஏதும் எழாமையால், இம்முறையில் கோப்பின் பெயரையும் இடத்தையும் இருமுறை சரிபார்ப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* இயக்குதளம்
* ஒருங்குறி
* தமிழ்99
* நச்சுநிரல்