உங்களுக்குத் தெரியுமா? பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரு நெடும்பயணம்

● அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை ஜார்ஜியாவில் தொடங்கி மேய்ன் வரை 14 மாநிலங்களில் மலைமலையாக ஏறி இறங்குகிறது. நீளம் ஏறத்தாழ 3,500 கி.மீ. அதை ஒரே மூச்சாகத் தன்னந்தனியே நடந்து முடித்த முதல் பெண் எம்மா கேட்வுட். ஆண்டு 1955. அப்போது அவருக்கு வயது 67. பெற்ற பிள்ளைகள் 11 பேர். பேரப்பிள்ளைகள் 23 பேர்!

● பிள்ளைகளிடம் அவர் சொன்னது, சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்பது மட்டும்தான். எங்கே, எவ்வளவு தூரம் என்று மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா?

● கூடாரம் கிடையாது. தானே தைத்த துணிப்பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே ஒரு கம்பளி, மழைக்கோட்டு, மழை மறைப்புக்குக் குளியலறை பிளாஸ்டிக் திரை. காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. விலை உயர்ந்த முதுகுப்பை வாங்கினால்தான் கிளம்ப முடியும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தப் பையை நினைத்துக்கொள்ளலாம்.

● முந்தைய ஆண்டே மேய்ன் முனையிலிருந்து கிளம்பியவர்தான். வழி தவறியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது, வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மறுவருடம் எதிர்முனையிலிருந்து தொடங்கினார். கணவரிடம் பல ஆண்டுகள் அடிபட்டு, பிறகு மணவிலக்குப் பெற்றவர் அவர். அந்த மனஉறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தேவையில்லை. 1957-இல் மறுபடியும் அதே பாதையை முழுதாக நடந்தார். 1964-இல் மூன்றாம் முறை!

● இப்படிப் பயணம் போகப் பணம்? கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதி கடைவருமானத்தில் சேமித்தும், கடன் வாங்கிப் போய்வந்து அடைத்தும் உலகம் சுற்றினார்கள். 2007-இல் வெளிநாடு போகத் தொடங்கியபோது விஜயன் ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார். பார்த்த நாடுகள் 26.

● வியன்னாவின் இடா ஃபைஃபர் மகன்கள் வளர்ந்து ஆளாகும்வரை காத்திருந்து, 1842-இல் 44 வயதில் தனியாகப் புறப்பட்டார். கான்ஸ்டாண்டிநோபிளில் தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஜெருசலேமுக்கும் எகிப்துக்கும் போனார். அந்தப் பயண நூல் தந்த வருமானத்தில் ஐஸ்லாந்து. பிறகு இரண்டு முறை உலகையே சுற்றினார். முதல் சுற்றில், 1847-இல், கொழும்பும் கண்டியும் பார்த்துவிட்டு, சென்னை வழியாகக் கல்கத்தா சேர்ந்தார். வழியில் சேகரித்த பூச்சிகளையும் செடிகளையும் அருங்காட்சியகங்களுக்கு விற்றுச் செலவைச் சரிக்கட்டினார்.

● பெர்லின் புவியியல் கழகம் இடாவைக் கௌரவ உறுப்பினராக்கியது. லண்டன் ராயல் புவியியல் கழகமோ பெண் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. அது பெண்களுக்கு நிரந்தரமாகக் கதவு திறந்தது 1913-இல். இடா இறந்தது 1858-இல்.