ஏலமலையில் ஒரு புல்வேய்ந்த பள்ளிக்கூடம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குள், பத்மதீர்த்தக் குளத்தை அடுத்த அக்ரஹாரத் தெருவொன்றில் வசிக்கும் அந்த ஓய்வு பெற்ற உபாத்தியாயருக்குத் தொண்ணூறு பிராயம் நெருங்குகிறது. தம் வாலிபத்தில் கண்ட ஏலமலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால், அருகிலுள்ள மேத்தன் மணிக் கடிகாரத்தில் ஆட்டுக்கடாக்கள் எத்தனை முறை முட்டினாலும் அவர் காதில் விழுவதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் பசியால் வாடியபோது, உணவுப் பயிருக்கென்று சமஸ்தானம் மலைக்காடுகளைத் திறந்துவிட்டது. பின்னர் பட்டம் தாணுப் பிள்ளை மந்திரிசபை வகுத்த திட்டப்படி, 1955-ல் கல்லாற்றுப் பக்கம் குடும்பத்துக்கு 5 ஏக்கர் வீதம் நிலம் கிடைத்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் மலையாளிகளைக் குடியேற்றித் தமிழர் பெரும்பான்மையைக் குறைப்பதற்கான உபாயம் இது என்று தமிழர் தலைவர்கள் அப்போது முறையிட்டார்கள்; முந்திய ஆண்டு ஆகஸ்டில்தான், தமிழர் எல்லைப் போராட்டத்தின்போது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயிருந்தன.

பெரியவர்கள் எல்லைக்காக வழக்காடிய அதே காலத்தில், மூங்கில் தட்டியும் புற்கூரையுமாக நின்ற அவருடைய பள்ளிக்கூடத்தில், கோட்டயத்திலிருந்து வந்த குடியானவரின் பிள்ளையும், கம்பத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் “ஸாரே” என்பான். மற்றவன் “வாத்தியாரையா” என்பான். கரும்பலகையின் ஒரு பாதியில் மலையாளமும் மறுபாதியில் தமிழும் இருக்கும். மழைக்காலத்தில் பாடத்துக்கு முன்பாக வேறொரு கைங்கரியம் உண்டு: புகையிலையையும் சுண்ணாம்பையும் துணியில் கிழியாகக் கட்டி, வரிசையாக நீட்டிய சின்னஞ்சிறு கால்களில் ஒட்டியிருக்கும் அட்டைகளின்மேல் ஒற்றி எடுப்பார். மலைக்காய்ச்சல் கண்டு வராத பிள்ளைகளின் குடிசைக்குக் கொய்னா மாத்திரையோடு போய்வருவார்.

“காடு காலியாகவா கிடந்தது? மன்னான்கள் வழி காட்டியல்லவா நாங்கள் ஏறினோம்!” என்று அவர் கேட்கும்போது குரல் உயர்ந்துவிடுகிறது. முன்னோடிகளின் வீரத்தைப் புகழும் நூல்கள், அவர்களுக்கு முன்பே அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மன்னான், முதுவான் பழங்குடிகளுக்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயமும்.

காட்டைத் திருத்தியவர்களுக்கும் அந்த மண் நிலைக்கவில்லை. 1961-ல் இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பிரதேசத்துக் குடியானவர்கள் பெயர்க்கப்பட்டு, கொட்டும் மழையில் குமுளியருகே அமராவதியில் இறக்கிவிடப்பட்டார்கள்; அவர்களுக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கேயே உண்ணாவிரதம் இருந்தார். 1976-ல் இடுக்கி மின்நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, அய்யப்பன்கோவிலின் பழைய வயல்கள் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயிருந்தன.