ஜிப்ஸியா, தாரா? ஜீப்பைத் தூக்கிக் கட்ட ஆசைப்படும் வாலிபர்களே உஷார்!

"அண்ணே, பழைய ஜிப்ஸி ஒண்ணு எடுத்துத் தூக்கிக் கட்டலாமா? இல்ல, தார் எடுக்கலாமா?"

கையில் நாலு காசு சேர்ந்த வாலிபர்கள் மெக்கானிக்குகளிடம் கேட்கும் கேள்வி இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து, புதுவாயல் கூட்டு ரோட்டில் டீ குடிக்கும் கூட்டத்திலும் இதே பேச்சுதான். சேற்றில் இறங்க வேண்டும், மணலில் ஏற வேண்டும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பது ஆசை.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தப் பக்கத்து மழை அப்படி. 2021 நவம்பரில் பிச்சாட்டூர் அணையில் இருந்து தண்ணீர் திறந்து, ஆரணி ஆறு பெருக்கெடுத்தது. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தையே புரட்டிப் போட்டது. சாதாரண கார்கள் வீட்டு வாசலிலேயே மூழ்கிக் கிடந்த நேரத்தில், உயரமான ஜீப்புகள் ஓடின. அதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வராதா?

ஆனால் வண்டியை வாங்குவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் நிறைய இருக்கின்றன. தெரியாமல் கையை வைத்தால் பணமும் போகும், வண்டியும் போகும், ஜெயிலும் உண்டு!

எடை குறைந்த சூரன்

முதலில் ஜிப்ஸி. மாருதி கம்பெனி 1985-ம் ஆண்டு இறுதியில் இதைக் கொண்டு வந்தது. ஜப்பானின் சுசூகி ஜிம்னிதான் இதற்கு மூலம். முதலில் வந்தது 970 சி.சி. பெட்ரோல் என்ஜின். பிறகு 1,300 சி.சி. வந்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் 80 குதிரைச் சக்தி கிடைத்தது. போலீசார் வைத்திருந்தார்கள், ராணுவம் ஆயிரக்கணக்கில் வைத்திருந்தது. 2019-ல் கதை முடிந்தது. புதிய பாதுகாப்பு, புகை விதிகள் வந்த காலத்தில் கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி வாங்கினால் பழைய வண்டிதான்.

இந்த ஜிப்ஸியின் பலம் எடை. முழு வண்டியும் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. சேற்றில் புதைந்தாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வெளியே வந்துவிடும். முன்னாலும் பின்னாலும் முழு அச்சு. நாலு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங். மாட்டு வண்டி மாதிரி எளிமையான அமைப்பு. அதனால்தான் மெக்கானிக்குகளுக்கு இதன் மீது தனிப் பிரியம். ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே தூக்கி வைத்துக் கட்டினால் போதும், வண்டி உயர்ந்துவிடும். பெரிய செலவு இல்லை.

குறையும் உண்டு. இழுவைச் சக்தி குறைவு. காற்றுப் பை கிடையாது. உள்ளே உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். புதுவாயலில் ஏறி மாதவரத்தில் இறங்குவதற்குள் முதுகு பேச ஆரம்பித்துவிடும் என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள்.

இரும்பு யானை

அடுத்தது மகிந்திரா தார். தார் ரோட்டுக்காக வந்த பெயர் அல்ல, ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயர்! 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய கம்பெனி இது. அந்த ஜீப் வம்சத்தில் 2010-ல் வந்தது முதல் தார். முழுக்க மாறிய புதிய தார் 2020 அக்டோபர் 2-ந் தேதி விற்பனைக்கு வந்தது.

புதிய தாரில் பெட்ரோல் என்றால் 150 குதிரைச் சக்தி, டீசல் என்றால் 130. இழுவையில் ஜிப்ஸியைப் போல மூன்று மடங்கு. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 226 மில்லி மீட்டர். ஜிப்ஸிக்கு 210தான். 650 மில்லி மீட்டர், அதாவது முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றாலும் போகும் என்கிறது கம்பெனி. 2020 நவம்பரில் குளோபல் என்.கேப் நடத்திய மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது.

ஆனால் எடை ஒன்றே முக்கால் டன் அளவில் வருகிறது. புதைந்தால் நாலு பேர் போதாது, டிராக்டர்தான் வர வேண்டும். முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு என்பதால், ஜிப்ஸியைத் தூக்குவது போல இதைச் சுலபமாகத் தூக்கிவிட முடியாது. செலவும் கூடும், கோளாறும் கூடும்.

இதில் ஒரு மோசமான குழப்பமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் வந்துவிட்டது. முகம் அதே முகம். விலை குறைவு. பழைய வண்டிச் சந்தையில் "தார் சார், தார்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். கியர் தண்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது தண்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லை என்றால் சேற்றில் இறங்காதீர்கள்.

கணக்குப் பாருங்கள்

இந்த இரண்டில் எது? வாலிபர்கள் எல்லோரும் குதிரைச் சக்தியைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. வண்டியில் எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கும் என்பதைப் பாருங்கள். ஏன் என்றால் அந்த மாற்றத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

ஜிப்ஸிக்குக் கம்பெனி கொடுத்த டயரின் குறுக்களவு சுமார் 26 அங்குலம். ஆசைப்பட்டு 31 அங்குல டயர் மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி முன்பைவிட 18 சதவீதம் கூடுதல் தூரம் போகும். ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 94 கிலோ மீட்டரில் பறந்துகொண்டிருக்கும்! பிரேக் மட்டும் அதே பழைய பிரேக்.

அதோடு ஸ்பிரிங்கையும் தூக்கினால் வண்டியின் பாரம் மேலே ஏறிவிடும். வளைவில் திருப்பினால் சாயும். அச்சுக்கு இறங்கும் தண்டு கோணலாகி அதிரும். பிரேக் ரப்பர் குழாய் நீளம் போதாமல் இழுபடும். அதை மாற்ற மறந்த மெக்கானிக் கையில் வண்டி கொடுத்தால் என்ன ஆகும்?

சேற்றில் இது தெரியாது. அங்கே வண்டி பத்து, பதினைந்து கிலோ மீட்டர் வேகத்தில்தான் போகும். ஆனால் சேற்றுக்குப் போக வேண்டும் என்றால் கல்கத்தா நெடுஞ்சாலையில்தான் ஏற வேண்டும். முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் இரும்புக் கம்பி லாரி, நடுவில் குறுக்கே திரும்பும் மோட்டார் சைக்கிள். அங்கே தூக்கிக் கட்டிய ஜிப்ஸியில் திடீர் பிரேக் போட்டால் குப்புறக் கவிழ்ந்தாலும் ஆச்சரியம் இல்லை.

சுப்ரீம் கோர்ட்டு போட்ட போடு

சரி, உயிரைப் பற்றிக் கவலை இல்லை என்கிறவர்கள் சட்டத்தைப் பற்றியாவது கவலைப்பட வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988. அதில் 52-வது பிரிவு. கம்பெனி எப்படிச் செய்து கொடுத்ததோ, ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை அடித்துச் சொல்லிவிட்டது. கேரள ஐகோர்ட்டு கொடுத்திருந்த சலுகையும் ரத்தானது.

அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது வண்டியைச் சட்டத்துக்கு மாறாக மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்துக் கிடைக்கும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனிக்க வேண்டும். டயர் ஒன்று, ஸ்பிரிங் ஒன்று, பம்பர் ஒன்று என்று எண்ணினால் 15 ஆயிரம் ஆகிவிடுகிறது.

முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி வளையத்துக்கும் தடை இருக்கிறது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மீது இடித்தால் அவர் கதி அதோ கதிதான் என்பது ஒரு காரணம். மோதலில் காற்றுப் பை சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பது இன்னொரு காரணம். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவது 2012-லேயே சுப்ரீம் கோர்ட்டால் நிறுத்தப்பட்டது.

"டயர்தானே சார் மாத்தினேன், குத்தமா?" என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுப் பயன் இல்லை. "கழட்டிட்டு வந்து காட்டு" என்பார்.

2021 ஆகஸ்டில் கண்ணூரில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வேனை வீடு போல மாற்றி, ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுத்துப் போட்ட அண்ணன், தம்பி இருவர். விதிமீறல் என்று வேனை அதிகாரிகள் பிடித்தார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ரகளை. இருவரும் கைது.

இதில் வேடிக்கை என்ன என்றால், அதே கேரளாவில் 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் ராட்சத டயர் மாட்டிய ஜீப்புகள்தான் ஜனங்களைக் காப்பாற்றின. ஊரே கை தட்டியது. அடுத்த ஐந்து மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. வெள்ளத்தில் தெய்வமாக வந்த வண்டி, வெயில் அடித்ததும் குற்றவாளி ஆகிவிட்டது! மழைக்காலத்துக்காவது இப்படிப்பட்ட வண்டிகளைச் சோதித்துப் பதிவு செய்ய ஒரு வழி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

இன்சூரன்சு விஷயம் இன்னும் மோசம். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்து, விபத்து நடந்துவிட்டால், நஷ்ட ஈட்டுப் பணத்தைத் தட்டிக் கழிக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். எதிரே வந்தவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

அப்படியானால் எது?

வேலைக்கும் போக வேண்டும், வீட்டு ஜனங்களும் ஏற வேண்டும், மழையிலும் ஓட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சேற்றிலும் இறங்க வேண்டும் என்பவர்கள் நாலு சக்கரமும் இழுக்கும் தாரை எடுக்கலாம். எடுத்துவிட்டு அதன் மீது கை வைக்காமல் இருப்பதே நல்லது. கம்பெனி கொடுத்த அளவிலேயே, சேற்றுக்கு ஏற்ற பல் வைத்த டயர் கிடைக்கிறது. அதை மாட்டினால் ஆர்.சி. புத்தகத்துக்கும் சண்டை இல்லை. மிச்சப் பணத்தில் நல்ல இழுவைக் கயிறு, மண்வெட்டி, காற்றடிக்கும் சிறு பம்ப் வாங்கலாம். மணலில் இறங்கும்போது டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, ரோட்டில் ஏறியதும் திரும்ப அடித்தால் போதும். பாதி வண்டிகள் மாட்டிக்கொள்வதே இது தெரியாமல்தான்.

ஜிப்ஸி பக்கம் போகிறவர்கள் இன்னொன்றைக் கணக்குப் பார்க்க வேண்டும். 15 வருஷம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5 ஆயிரம் ரூபாய். அதற்கு முன்பு 600 ரூபாய்தான். 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்று சொன்னால், ஏலக் காகிதமும் சேசிஸ் நம்பரும் ஒத்துப் போகிறதா என்று பார்க்காமல் அட்வான்சு கொடுக்க வேண்டாம். சேசிசுக்கு அடியில் படுத்து, துரு பிடித்த இடத்தைச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். "டங்" என்று சத்தம் வந்தால் சரி. "டொக்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

தூக்கிக் கட்டியே தீருவேன் என்கிற ரகமும் இருக்கிறது. அவர்களுக்கு ஜிப்ஸியே சரி. எடை குறைவு, செலவு குறைவு. ஆனால் அது ரோட்டில் ஓடக் கூடாத வண்டி. லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பந்தயத் திடலிலும், சொந்தக்காரர் சம்மதித்த தனியார் நிலத்திலும் இறக்க வேண்டும். இரண்டு வீடு கட்டின மாதிரி செலவு. வசதி உள்ளவர்கள் செய்யட்டும்.

இந்த வட்டாரத்தில் எங்கே இறக்குவது என்பதும் பெரிய கேள்விதான். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போனால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். கடற்கரை மணலில் ஜனவரியில் தொடங்கி ஆமைகள் முட்டை இடுகின்றன. சக்கரம் ஏறினால் முட்டை கூழ்தான். ஏரிக்குள் இறக்கலாம் என்றால், சவுடு மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மழைத் தண்ணீருக்குள் தெரியாது. ஆள் மூழ்கும் ஆழம் உள்ள பள்ளங்களும் உண்டு.

ஓடுகிற தண்ணீரில் மட்டும் எந்த வண்டியையும் நம்பக் கூடாது. 650 மில்லி மீட்டர் என்று கம்பெனி சொல்வது நிற்கிற தண்ணீருக்கு. தரைப்பாலத்தின் மேல் இரண்டடி வெள்ளம் வேகமாக ஓடினால் தாரையும் தூக்கிக்கொண்டு போய்விடும். எடை குறைந்த ஜிப்ஸிக்கு அந்த இரண்டடி கூடத் தேவைப்படாது.

ஏற்கனவே தூக்கிக் கட்டிவிட்டவர்களுக்கு அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சொல்வது ஒன்றுதான். "கழட்டின ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் டயரையும் பழைய இரும்புக் கடையில போட்டுடாதே தம்பி." எப்.சி.க்குக் கொண்டு போகும் அன்று அதைத்தான் திரும்ப மாட்ட வேண்டும். எடைக்குப் போட்ட ஸ்பிரிங் அதற்குள் கும்மிடிப்பூண்டி உலையில் உருகி, யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குக் கம்பியாகப் போயிருக்கும்.